கிரிக்கெட் கேள்வி–பதில்: சின்னப்பம்பட்டி முதல் பிரிஸ்பேன் வரை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரரான தங்கராசு நடராஜனைப் பற்றியவை. இடக்கை வேகப்பந்து வீச்சாளர். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். அவருக்கு முன் எந்த இந்தியருக்கும் அப்படி அமைந்ததில்லை. ஆகவே பகுதி முழுவதையும் அவருக்கும், அவர் வழியில் போக நினைக்கும் பையன்களுக்கும் ஒதுக்கிவிட்டோம்.

நெட் பவுலராக (வலைப்பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடுபவராக) விமானம் ஏறியவர் டெஸ்ட் ஆடியது சுத்த அதிர்ஷ்டம் என்கிறார் என் நண்பர். வரிசையாக எல்லோருக்கும் காயம் பட்டதால்தானே இடம் கிடைத்தது?
— வாசகர், எடப்பாடி

காயப் பட்டியல் நீளம்தான், மறுக்க முடியாது. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டையில் அடி. டி20 அணியில் ஓர் இடம் காலி. நவ்தீப் சைனிக்கு முதுகுப் பிடிப்பு. ஒருநாள் அணியில் மாற்று ஆள் தேவைப்பட்டது. மெல்போர்ன் டெஸ்டில் உமேஷ் யாதவ் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேற, டெஸ்ட் அணியிலும் பெயர் சேர்ந்தது. சிட்னி டெஸ்ட் முடிந்தபோது பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி என்று பாதி அணி மருத்துவர் கையில் இருந்தது.

இன்னொன்றையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அது கொரோனா காலம். ஊரிலிருந்து புதிதாக ஒருவரை வரவழைத்தால் அவர் 14 நாள் தனிமையில் இருந்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் வர முடியும். அதற்குள் டெஸ்டே முடிந்துவிடும். அதனால் அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு வழக்கத்தைவிட மதிப்பு கூடியது. இதுவரை அதிர்ஷ்டக் கணக்கு.

ஆனால் இடம் காலியாவது வேறு, அந்த இடத்துக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு. அந்த ஆண்டு ஐபிஎல்லில் ஹைதராபாத் அணியான சன்ரைசர்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் அவர் இருந்தார், 16 விக்கெட். துபாயில் முதல் ஆட்டத்திலேயே கோலியை வெளியேற்றினார். அபுதாபியில் நடந்த எலிமினேட்டரில், அரைச் சதம் தாண்டி நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்பை, காலடியில் விழுந்த ஒரு யார்க்கர் பெயர்த்தது. கடைசி ஓவர்களைப் போடத் தெரிந்த ஆள் என்பது தேர்வாளர்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் அறிமுகம். 10 ஓவரில் 70 ரன், 2 விக்கெட். சுமாரான கணக்குதான். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் டி20: 30 ரன்னுக்கு 3. எங்களைக் கேட்டால் அவருடைய சிறந்த ஆட்டம் அதற்கடுத்தது. சிட்னியில் ஆஸ்திரேலியா 194 குவித்த ஆட்டத்தில் அவருடைய நான்கு ஓவரில் போனது 20 ரன்தான், 2 விக்கெட்டும் கிடைத்தது. அன்று ஆட்டநாயகன் விருது வாங்கிய ஹர்திக் பாண்டியா, அது நடராஜனுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். டி20 தொடர் முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்பவில்லை. வலையில் பந்து போட நிறுத்திக்கொண்டார்கள். ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3: சதமடித்த லபுஷேன், வேட், ஹேசில்வுட். இந்தியா 328 ரன்னைத் துரத்தி வென்ற அதே டெஸ்ட்தான்.

டென்னிஸ் பாலில் என் பந்தை யாராலும் தொட முடியாது. கிரிக்கெட் பந்தைக் கொடுத்தால் ஓவருக்கு 12 ரன் போகிறது. ஏன்?
— வாசகர், தஞ்சாவூர்

நடராஜனும் ஏறக்குறைய இருபது வயது வரை டென்னிஸ் பால்தான் ஆடினார். எனவே பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எடையிலிருந்து ஆரம்பிப்போம். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம், அதாவது சுமார் இரண்டே முக்கால் மடங்கு. லேசான பந்தை வேகமாக அனுப்ப முழங்கையையும் மணிக்கட்டையும் சொடுக்கினால் போதும். கனமான பந்தை அப்படிச் சொடுக்கினால் தோளும் முழங்கையும் வலிக்கும், வேகமும் வராது. அதற்கு ஓட்டத்தின் வேகம், முன்காலின் ஊன்றல், இடுப்பின் திருப்பம் ஆகியவற்றிலிருந்து விசை வர வேண்டும். தோள் அந்த விசையைக் கடத்துகிற இடம், அவ்வளவே.

அடுத்தது தையல். டென்னிஸ் பந்துக்குத் தையல் கிடையாது, எப்படிப் பிடித்தாலும் போகும். கிரிக்கெட் பந்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்கு இருபுறமும், கட்டைவிரலின் ஓரம் அடியில் தையலின் மேலும் இருக்க வேண்டும். பந்து கையை விட்டுப் போகையில் மணிக்கட்டு நேராகப் பந்தின் பின்னால் நிற்க வேண்டும். சொடுக்கிப் பழகிய மணிக்கட்டு பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும், தையல் தள்ளாடும், பந்து காற்றிலும் திரும்பாது, தரையிலும் நகராது. நேராக, மெதுவாகப் போய் விழும்.

உங்கள் 12 ரன்னுக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் மூன்றாவது: லெங்த், அதாவது பந்து தரையில் விழும் தூரம். டென்னிஸ் பால் ஆட்டத்தில் பவுண்டரி கிட்டத்தில் இருக்கும், பந்து குதித்து மட்டைக்கு வாகாக எழும். நல்ல லெங்தில் போட்டால் சிக்ஸர். ஆகவே பிழைக்க வழி யார்க்கர், இல்லாவிட்டால் மெதுபந்து. கிரிக்கெட் பந்தில், பேட்ஸ்மேனின் ஸ்டம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டருக்குள் விழும் பந்துதான் சோறு போடும். அந்த இடமே உங்கள் கைக்குப் பழக்கமில்லை. மூன்று மாதம் யார்க்கரை மறந்துவிட்டு, அந்த இரண்டு மீட்டர் பட்டையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதிலேயே போடுங்கள். ஓவருக்கு நான்கு பந்து துணியில் விழுகிற நிலை வந்தபிறகு மற்றதைப் பார்க்கலாம்.

ரஞ்சி அறிமுகத்துக்குப் பிறகு நடராஜன் பந்தை எறிகிறார் என்று புகார் வந்ததாகப் படித்தேன். 15 டிகிரி என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்? எப்படிச் சரி செய்வது?
— வாசகர், ஓசூர்

2015 ஜனவரியில் ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக, மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் அவர் முதல் ஆட்டம் ஆடினார். அதன்பிறகு பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது. ஒரு பவுலருக்கு இதைவிட மோசமான செய்தி வராது. பலர் அங்கேயே காணாமல் போயிருக்கிறார்கள்.

விதியை நம்மவர்கள் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். கை மடங்கியிருப்பது குற்றமில்லை. கை தோள் உயரத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் கணம் வரை, மடங்கிய முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. அந்த நிமிர்வு 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. பார்க்க எறிவதுபோல் இருந்தும் அவர் விதிக்குள் நின்றது இதனால்தான். அளப்பதற்கு ஆய்வகம் வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பும் சிறு குண்டுகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்களை வைத்துப் பந்து போடச் சொல்வார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஐசிசி ஏற்ற ஆய்வகம் இருக்கிறது. ஆட்டத்தில் போட்ட அதே வேகத்தில் அங்கும் போட வேண்டும். மெதுவாகப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தால் ஆட்டக் காணொளியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நடராஜனைச் சரிசெய்ததில் சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா போன்ற தமிழகப் பயிற்சியாளர்களுக்குப் பங்கு உண்டு. முழங்கை தனியாகக் கெடுவதில்லை. ஓட்டத்தின் கடைசி இரண்டு அடியில் உடல் பக்கமாகச் சாய்ந்தால், பந்து போடாத கை சீக்கிரம் கீழே விழுந்தால், தோள் பின்தங்கிவிடும். பின்தங்கியதை ஈடுகட்ட முழங்கை சொடுக்கும். ஆகவே கையிலிருந்து ஆரம்பிக்காமல் காலிலிருந்து ஆரம்பிப்பார்கள். முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு மூன்று அடி நடந்து, பிறகு பாதி ஓட்டம், கடைசியில் முழு ஓட்டம். ஒவ்வொரு கட்டமும் வாரக்கணக்கில் நீளும். அவசரப்பட்டு முழு வேகத்துக்குத் தாவினால் பழைய கை திரும்பிவிடும். களைத்தபோதும் திரும்பும். அதனால் சோதனையை நெட்ஸின் முதல் ஓவரில் வைக்காமல் பத்தாவது ஓவரில் வையுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டுமானால் நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி போதும். பந்து போடும் கைப்பக்கம் ஒன்று, நேர் பின்னால் ஒன்று. டிகிரி தெரியாது, ஆனால் சொடுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

மகனுக்கு 17 வயது. மேட்டூர் பக்கம் கிராமம். நன்றாக வேகமாகப் போடுகிறான். சென்னைக்கு அனுப்பிவிடலாமா? யாரைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், சேலம் மாவட்டம்

பெட்டி கட்டுவதற்கு முன் மாவட்டத்திலேயே செய்ய வேண்டியது இருக்கிறது. முதலில் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் லீக்கில் ஆடும் ஏதாவதொரு கிளப்பில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த ஆட்டத்தில் எடுத்த விக்கெட்டுக்குத்தான் ஸ்கோர் புத்தகம் இருக்கும். டோர்னமென்ட்டில் வாங்கிய கோப்பைகளைத் தேர்வாளர் பார்க்கமாட்டார். மாவட்ட 19 வயதுக்குட்பட்டோர் தேர்வு, அதிலிருந்து மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, அங்கே விக்கெட் எடுத்தால் மாநில அளவிலான தேர்வு முகாம் என்று வரிசை போகும். மாநில 19 வயது அணி கூச் பெஹார், வினூ மன்கட் கோப்பைகள் ஆடும். அதைத் தவறவிட்டால் 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பை இருக்கிறது. இது எதிலும் இல்லாமலும் மேலே போகலாம். வயதுப் பிரிவு அணிகளின் வழியாக வராமல் 23 வயதில் ரஞ்சி ஆடியவர்தான் நடராஜன்.

அவருடைய பாதை சென்னை லீக். தமிழ்நாடு கிரிக்கெட் சங்க லீக்கில் பல டிவிஷன்கள் அடுக்காக இருக்கின்றன. அவர் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணியில் தொடங்கினார், பிறகு முதல் டிவிஷனில் விஜய் சி.சி., ஜாலி ரோவர்ஸ். முதல் டிவிஷனில் பல அணிகளுக்குப் பெரிய நிறுவனங்களின் ஆதரவு உண்டு. ஜாலி ரோவர்ஸ் சன்மார் குழுமத்துடையது. தங்க இடம், ஊக்கத்தொகை, சிலருக்கு வேலை என்று அங்கே கிடைக்கும். ரஞ்சித் தேர்வாளர்களின் கண்ணும் அங்கேதான். கீழ் டிவிஷனில் அவ்வளவு வசதி இருக்காது. ஆனால் கிராமத்துப் பையன் நுழையும் கதவு அதுதான்: ஒரு சீசனில் நிறைய விக்கெட் எடுத்தால் மேல் டிவிஷன் அணிகளே அடுத்த பதிவுக் காலத்தில் கூப்பிடும். பதிவு, கிளப் மாற்றம் ஆகியவற்றுக்குக் கெடு தேதி உண்டு. அது போனால் சீசனே போய்விடும். தேதியை மாவட்டச் சங்க அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

பையனுக்குக் கல்லூரி வயது நெருங்குகிறது. நல்ல கிரிக்கெட் அணி உள்ள சென்னைக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சாப்பாடு, தங்குமிடம், டர்ஃப் விக்கெட் (புல் ஆடுகளம்) மூன்றும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். லட்சங்களைக் கொட்டச் சொல்லும் தனியார் அகாடமியைவிட இதையே பரிந்துரைப்போம்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் படிப்புச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே தேதியும் ஒரே எழுத்துக்கூட்டலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ கூட்டிக் குறைத்த தேதி பிற்பாடு கழுத்தைப் பிடிக்கும். வயதை மறைத்து மாட்டினால் இந்தியக் கிரிக்கெட் வாரியம் இரண்டு ஆண்டு தடை விதிக்கும். பதினாறு வயதுப் பிரிவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதே பார்க்கிறார்கள்.

தேர்வு முகாமில் ஒரு பவுலருக்குக் கிடைப்பது சில பந்துகள், அதிகம் போனால் இரண்டு ஓவர். அரை மணி முன்னதாகப் போய் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும். முதல் பந்து முழு வேகத்தில், நல்ல லெங்தில், ஆஃப் ஸ்டம்ப் மேல். வித்தை காட்டும் மெதுபந்து வேண்டாம். அவர்கள் தேடுவது வேகமும் ஒழுங்கான ஓட்டமும். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யார்க்கர் போட என்ன பயிற்சி? நான் போட்டால் ஒன்று ஃபுல் டாஸ், இல்லாவிட்டால் அடிக்க வாகாக விழுகிறது.
— வாசகர், கோவை

முதலில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மணிக்கு 110 முதல் 130 கிலோமீட்டர் வேகத்தில் போடும் ஒருவரின் கை பந்தை விடும் கோணத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், பந்து விழும் இடம் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளிப்போகும். பேட்ஸ்மேனின் கிரீஸ் கோடு ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர். யார்க்கருக்கான இடம் அந்தக் கோட்டை ஒட்டி முன்னும் பின்னும் ஓர் அடி. ஆகவே உங்கள் கைக்கு அரை டிகிரி கூட இடமில்லை. சீக்கிரம் விட்டால் தரையில் படாமலே போகும் ஃபுல் டாஸ். பிடித்து வைத்து விட்டால் அடிக்கிற இடத்தில் விழும். இரண்டும் மாறி மாறி வந்தால் கை விடும் நேரம் நிலையில்லை என்று பொருள். எப்போதும் ஒன்றே வந்தால் சுலபம், குறி வைக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

எப்போதும் ஃபுல் டாஸ் போகிறவர்கள் ஸ்டம்பின் அடியைப் பார்க்காமல் கிரீஸ் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் பாருங்கள். தலை முக்கியம். பந்தை விடும் நேரத்தில் தலை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்தால் கண் ஒன்றைக் குறிவைக்கும், கை வேறொன்றைப் போடும்.

பயிற்சிக்கு ஸ்டம்பின் முன் பழைய ஷூ ஒரு ஜோடி, பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தில். கிரீஸ் கோட்டுக்கு ஓர் அடி முன்னால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு கயிறு. பந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஷூவைத் தொட வேண்டும். ஆறு ஆறு பந்தாக நான்கு தடவை, ஒவ்வொரு ஆறுக்கும் எத்தனை என்று எழுதி வையுங்கள். உடம்பு புதிதாக இருக்கும்போது ஒரு நாள், நெட்ஸ் முடிந்து களைத்தபின் ஒரு நாள். ஆட்டத்தில் யார்க்கர் தேவைப்படுவது களைத்தபின்தானே. பழைய பந்தோடு, முடிந்தால் ஈரத் துணியில் துடைத்த பந்தோடும் போடுங்கள். இரவு ஆட்டத்தில் பனியில் அப்படித்தான் வழுக்கும்.

இடக்கைக்காரருக்கு ஓர் அனுகூலம். 'ஓவர் தி விக்கெட்'டாக, அதாவது பந்து போடும் கை ஸ்டம்பை ஒட்டி வரும்படி போடும்போது வலக்கை பேட்ஸ்மேனைக் குறுக்கே கடந்து பந்து வெளியே போகும். குறி கொஞ்சம் தவறினாலும் ஆஃப் பக்கம் அகல யார்க்கராகிவிடும். நடுவே நின்று லெக் பக்கம் வீசுகிறவரின் மட்டை அதற்கு எட்டாது. 2016இல் முதல் டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக, தூத்துக்குடிக்கு எதிரான சூப்பர் ஓவரில் நடராஜன் யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கியதுதான் அவரை ஐபிஎல் அணிகளின் குறிப்பேட்டில் ஏற்றியது.

2017இல் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு வாங்கி, ஒரே ஆண்டில் கைவிட்டது ஏன்? அடுத்த ஏலத்தில் 40 லட்சம்தான். அவமானம் இல்லையா?
— வாசகர், மதுரை

கைவிட்டது என்பது முழு உண்மையில்லை. 2017 சீசனோடு அப்போதைய அணிகளின் சுழற்சி முடிந்தது. 2018 ஜனவரியில் எல்லோருக்கும் மறு ஏலம். பஞ்சாப் தக்கவைத்தது அக்சர் படேல் ஒருவரைத்தான். நடராஜன் 6 ஆட்டத்தில் 2 விக்கெட் எடுத்திருந்தார். யாரும் போட்டி போட்டு ஏலம் கேட்கும் கணக்கு அதுவல்ல. 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனது ஒரே ஒரு டிஎன்பிஎல் சீசனை நம்பி. ஏலத்தில் விலை என்பது அன்றைக்கு எத்தனை அணிக்கு அப்படி ஒருவர் தேவை, எத்தனை பேரிடம் பணம் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆளின் தரம் இரவோடு இரவாக மாறுவதில்லை.

40 லட்சத்துக்கு எடுத்த சன்ரைசர்ஸ் 2018, 2019 இரு சீசனிலும் அவரை ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. புவனேஷ்வர், கலீல், சித்தார்த் கவுல், சந்தீப் சர்மா என்று வேகத்துக்கு ஆள் நிரம்பியிருந்தது. ஆனால் அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளராக முரளிதரன் இருந்தார். தமிழில் பேசிச் சந்தேகம் தீர்த்துக்கொள்ள முடிந்தது ஒரு கிராமத்துப் பையனுக்குச் சின்ன விஷயமில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை நாங்கள் அவமானக் கணக்கில் எழுதமாட்டோம். பிற்பாடு 2022இல் 4 கோடி, 2025 சீசனுக்கு டெல்லி கொடுத்தது 10 கோடியே 75 லட்சம்.

ஆடாமல் உட்கார்ந்திருந்தால் ஐபிஎல் பணம் வருமா? ரஞ்சிக்கு எவ்வளவு?
— வாசகர், புதுச்சேரி

ஏல விலை ஒரு சீசனுக்கானது. சீசன் முழுக்க அணியோடு தயாராக இருந்தால், களத்தில் இறங்காவிட்டாலும் முழுத்தொகை. வரி பிடித்தம் போக, தவணைகளாக வரும். 2025 முதல் களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏழரை லட்சம் தனி. ரஞ்சியில் 20 ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளைக்கு 40,000, 40 ஆட்டம் வரை 50,000, அதற்கு மேல் 60,000. களமிறங்காத மாற்று வீரருக்குப் பாதி. இது 2021இல் அறிவித்த விகிதம். இந்திய அணியில் ஆடினால் ஒரு டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6, டி20க்கு 3.

இவ்வளவு ஏறியவர் ஏன் ஒரே டெஸ்டோடு நின்றுவிட்டார்? அரசியலா?
— வாசகர், திருநெல்வேலி

முழங்கால். 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ஒருநாள் ஆட்டத்தின் கடைசி ஓவரைப் போட்டவர் அவர்தான். 14 ரன் தேவை, எதிரே 90க்கு மேல் அடித்து நின்ற சாம் கரன். இந்தியா 7 ரன்னில் வென்றது. அடுத்த மாதமே ஐபிஎல் நடுவில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் திரும்பும்போது கொரோனா. அவர் வெளியே இருந்த மாதங்களில் வாசல் மூடிக்கொண்டது: அர்ஷ்தீப் சிங் வந்தார், அவரும் இடக்கை, அவரும் கடைசி ஓவர்காரர், வயதும் குறைவு. ஒரே மாதிரியான இருவருக்கு ஓர் அணியில் இடம் கொடுப்பது அபூர்வம். மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. ஐபிஎல்லில் 2024இல்கூட 14 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தார். அதில் டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4. திறமை குறையவில்லை, உடம்புதான் தொடர்ச்சியாக ஒத்துழைக்கவில்லை. அரசியல் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

பள்ளிப் பையன்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் வேகமாகப் போடலாம்? எங்கள் பயிற்சியாளர் நெட்ஸில் ஒன்றரை மணிநேரம் விடாமல் போடச் சொல்கிறார்.
— வாசகர், விழுப்புரம்

பந்தை எண்ணாத பயிற்சியாளரிடமிருந்து பையனைக் காப்பாற்றுங்கள். வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் விழும் கீறல்தான் வேகப்பந்து வீச்சாளர்களை அதிகம் முடக்குவது. இங்கிலாந்து வாரியத்தின் அளவு நல்ல வழிகாட்டி: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வில்லாமல் தொடர்ந்து போடுவது) 5 ஓவர், நாளைக்கு 10; 14, 15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளைக்கு 12; 16 முதல் 19 வரை ஸ்பெல்லுக்கு 7, நாளைக்கு 18. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது, வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் கூடாது. நெட்ஸில் போடுவதும், பள்ளி ஆட்டமும், மாலையில் தெருவில் போடும் டென்னிஸ் பாலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு நோட்டில் தினமும் பந்து எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும், பின்னால் வளையும்போது வலித்தால் தைலம் தடவிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். எக்ஸ்ரேயில் ஆரம்பக் கீறல் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

நோ பால் தொல்லை. நடராஜனுக்கே பிரிஸ்பேனில் இருந்ததாமே?
— வாசகர், திருச்சி

ஆமாம், அந்த டெஸ்டில் அவர் போட்ட நோ பால்கள் பெரிய பேச்சானது. உள்ளூர் டென்னிஸ் பால் ஆட்டங்களில் முன்கால் கிரீஸ் கோட்டைத் தாண்டுகிறதா என்று யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பழக்கம் அங்கே கெடுகிறது. ஓட்டத்தை அடி வைத்து அளக்காதீர்கள், களைத்தால் அடியின் நீளம் மாறும். கிரீஸில் நின்று திரும்பி, எதிர்த்திசையில் முழு வேகத்தில் ஓடி, பந்து போடுவதுபோல் தாவுங்கள். தாவி ஊன்றிய இடத்தை நண்பர் குறிக்கட்டும். ஆறு முறை செய்து நடுவாக வரும் தூரத்தை அளவு நாடாவால் அளந்து கிட் பையில் எழுதி ஒட்டுங்கள். எதிர்காற்றில் அரை அடி குறையுங்கள், பின்காற்றில் ஓர் அடி வரை கூட்டுங்கள்.

சட்டையில் 'ஜேபி நட்டு' என்று போட்டிருந்தாரே, அது என்ன?
— வாசகி, ஈரோடு

ஜேபி என்பது ஜெயபிரகாஷ். சின்னப்பம்பட்டியில் அவரைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துப்போன வழிகாட்டி. நட்டு, நடராஜனின் செல்லப்பெயர். அந்த ஊரில் இப்போது நடராஜன் கட்டிய மைதானமே இருக்கிறது. 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார்.

ஸ்பைக் ஷூ கட்டாயமா? விலை கையைக் கடிக்கிறது.
— வாசகர், தர்மபுரி

எந்த ஆடுகளம் என்பதைப் பொறுத்தது. டர்ஃபில் வேகமாகப் போட இரும்பு ஸ்பைக் வேண்டும், இல்லாவிட்டால் முன்கால் வழுக்கி இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேட்டிங்கில் இரும்பு ஸ்பைக் கூடவே கூடாது: பாய் கிழியும், காலும் சிக்கிக்கொள்ளும், ரப்பர் குமிழ் வைத்தது போதும். சிமென்ட் தரையில் குமிழும் வேண்டாம், தடித்த அடிப்பாகம் உள்ள ஓட்ட ஷூ. முன்காலில் உடல் எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் விசை இறங்குகிறது, அதனால் குதிகால் பகுதி தேய்ந்த பழைய ஷூவை வாங்காதீர்கள். கட்டைவிரல் நகம் கறுத்தால் ஷூ அரை எண் சிறியது, அல்லது கயிறு தளர்வு. பெரிய வீரர்கள் விரல் இடிக்காமலிருக்க ஷூவின் முனையில் ஓட்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்; புது ஷூவில் கத்தி வைக்குமுன் இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள்.